கூவினேன், அழவில்லை

காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர்களில் என் தொண்டைக்கு ஈடு எவளும் இல்லை, எவனும் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான்; எழுத்துக் கூட்டி எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் கூடை கரையில் இறங்கும்போதே, வஞ்சிரம் இன்று பிடித்ததா நேற்றைய ஐஸா என்று சொல்லிவிடுவேன். ஏலம் விடுவதை நாங்கள் கூவுவது என்போம். நான் கூவினால் ஐஸ் உடைக்கிறவனும் கையை நிறுத்துவான்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில், என் மகள் பி.காம். படித்த கல்லூரியில் மகளிரியல் மையம் என்று ஒன்று திறந்தார்கள். உழைக்கும் பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்கிறார்களாம். அதை நடத்திய பேராசிரியை மகளிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்திருந்தேன். நான் உட்கார்ந்ததும் ஒருத்தி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். அவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் டீ, எனக்கு பிளாஸ்டிக் கப். அந்த டீயை நான் தொடவில்லை.

ஆனாலும் பேசினேன். பக்கத்தில் டேப் ஓடியது. புருஷன் செத்த பதினாறாம் நாள் முதன்முதலாகக் கரையில் நின்று கூவிய கதையைச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் கூவுன கூவுல, எறா வாங்க வந்தவனுங்க அல்லாம் வாயப் பொளந்துகினு நின்னானுங்க மேடம்!"

"எவ்வளவு வேதனைம்மா" என்று அவர் என் கையைப் பிடித்தார்.

"வேதனையா? ஜெயிச்ச கதைய சொல்லிகினு கீறேன்மா நான்!"

தலையாட்டினார். பிறகு என் கையை விட்டுவிட்டு, தன் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

சில மாதத்தில் புத்தகம் வந்தது. மகள் வாசித்தாள்: "கணவர் இறந்த பதினாறாம் நாள் கடற்கரையில் நின்று கூவி அழுதேன். ஆண்கள் வேடிக்கை பார்த்தனர்."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யம்மா, நீ எப்பம்மா அழுத?"

கெட்ட மீனை ஆயுசு முழுக்க முகர்ந்தவள் நான். கெட்டது எந்த இடம் என்று அவளை விரல் வைத்துக் காட்டச் சொன்னேன்.

மீன் வாங்க வரும் ஒருவரின் மகளும் அந்தக் கல்லூரியில்தான் படித்தாள். புத்தகம் கரைக்கு வந்துவிட்டது. ஏலத்தின் நடுவே ஒருத்தன், "இன்னாக்கா, இன்னிக்கு கூவுறியா, அழுவுறியா?" என்றான். மொத்தக் கரையும் சிரித்தது. கூவுகிறவள் குரலுக்கு ஒரு பயம் இருக்க வேண்டும். அது போனால் ஒரு கூடைகூட நகராது. அன்று நான் சொன்ன விலையில் யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் கரையிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனேன். குளிக்கவில்லை. புடவையெல்லாம் செதில். வேண்டுமென்றேதான். ஜன்னலை எத்தனை முறை திறக்கிறார்கள் பார்க்கலாம் என்று.

பேராசிரியை சிரித்துக்கொண்டே, "அச்சாயிடுச்சே அம்மா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றார்.

"அதுவரிக்கும் நான் அழுதுகினே கெடக்கணுமா? பேனாவ குடு."

மூலையில் புத்தகக் கட்டு இருந்தது. பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மகள் காட்டிய இடத்தில் 'அழுதேன்' என்பதை அடித்து, மேலே 'ஏலம் உட்டேன்' என்று எழுதினேன். விட்டேன் இல்லை, உட்டேன். எனக்கு அப்படித்தான் வரும். விரல் மரத்துப்போனது. விடவில்லை. நடுவில் யாரோ போட்டோ எடுத்தார்கள். எடுக்கட்டும், திருத்தியதற்குச் சாட்சி என்று விட்டுவிட்டேன். ஒரு புத்தகத்தைக் கரைக்கு எடுத்துப்போய், அழுவுறியா என்று கேட்டவன் முகத்துக்கு நேரே காட்டினேன். அதன்பின் எவனும் வாய் திறக்கவில்லை.

மறு வருஷம் மகளின் சான்றிதழ் வாங்கப் போனோம். அந்த மையத்தின் வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள் நான். பேனாவோடு குனிந்திருக்கிறேன். கீழே ஏதோ எழுதியிருந்தது. மகள் தயங்கித் தயங்கி வாசித்தாள்: "எங்கள் மையத்தில் எழுதப் பழகும் மீனவப் பெண்."

படத்தை ஆணியிலிருந்து கழற்றி, வாசற்படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பேனா குடு" என்றேன் மகளிடம்.

"கண்ணாடி போட்டுகீதும்மா. எழுத முடியாது."

"கழட்டு."