சிவப்புப் பேனையும் எக்குவடோர் அன்ரியும்

பத்து வயதில் என்னிடம் ஒரு சிவப்புப் பேனை இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. சுவிஸில், பாடன் நகரப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்த காலம். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பிழை பிடிப்பேன். எனக்குப் பயந்து அப்பா ஆங்கிலத்தையே கைவிட்டுவிட்டார். அம்மாவிடம் மட்டும் என் வாலை ஆட்ட முடியாது. அவர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினார்.

அந்த நேரம் பார்த்து எனக்கென்றே அனுப்பிவைத்ததுபோல வந்து சேர்ந்தார் எக்குவடோர் அன்ரி. அம்மாவோடு அதே ஹோட்டலில் வேலை. சொந்த நாடு தென்னமெரிக்காவில் எக்குவடோர், தாய்மொழி ஸ்பானிஷ். இருவருக்கும் ஜெர்மன் தடுமாற்றம் என்பதால் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் நூறு வீத முழுநேர வேலை ஒன்று காலியாகியிருந்தது, நேர்முகம் ஆங்கிலத்தில். அது கிடைத்தால்தான், ஆறு வயதில் ஊரில் விட்டுவந்த மகனைக் கூப்பிடலாம் என்று அன்ரி சொல்லியிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சுப் பழக எங்கள் வீட்டுக்கு வருவார்.

ஐயோ, எத்தனை பிழைகள்! மழை பெய்தால் "இஸ் ரெய்னிங்" என்பார். முன்னால் ஒரு "இட்" கிடையாது. ஆமோதிக்க வேண்டுமென்றால் "ஐ ஆம் அக்ரீ", நடுவில் வேண்டாத ஒரு "ஆம்." எனக்குக் கொண்டாட்டம். அவர் பிழைகளை எழுதித் திருத்தியே ஒரு கொப்பி முழுக்கச் சிவப்பாக்கினேன். எழுவாயை எங்கே தொலைத்தார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"நீ 'வாறன்' எண்டேக்க முன்னால 'நான்' போடுறனியோ? அவையின்ர பாஷையும் அப்பிடித்தான்" என்றார் அம்மா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் ஒரு பிழையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. வயதைக் கேட்டால் "ஐ ஹாவ் தேர்ட்டி சிக்ஸ் இயர்ஸ்" என்பார். தன்னிடம் முப்பத்தாறு வருடங்கள் இருக்கின்றனவாம்! எக்குவடோரில் வயதை அலுமாரியில் அடுக்கி வைப்பார்களோ என்று யோசித்தேன். வயதுக்கு "ஹாவ்" வராது, "ஆம்"தான் வரும் என்று கொப்பியில் இரண்டு கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன்.

நேர்முகத்துக்கு முந்தைய ஞாயிறு. அம்மா மனேஜர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்ரி கைகளைக் கோத்துக்கொண்டு சொன்னார்: "ஐ ஹாவ் எய்ட் இயர்ஸ் வித்தவுட் சீ மை சன்."

மகனைப் பார்க்காத எட்டு வருடங்கள் தன்னிடம் இருக்கின்றனவாம்! நான் துள்ளி எழுந்தேன். "நோ ஹாவ்! ஆம்! ஐ ஆம் எய்ட் இயர்ஸ்!"

"ஐ ஆம் எய்ட்" என்று அன்ரி பணிவாகத் திருப்பிச் சொன்னார். அப்படியென்றால் என்னைவிட இரண்டு வயது சின்னவர்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்ரியும் சிரித்தார். அவர் கண்களில் தண்ணீர் வந்ததும் சிரிப்பால்தான் என்று நினைத்தேன்.

"உந்தப் பேனையை மூடு. அவ தன்ர பாட்டில சொல்லட்டும்" என்றார் அம்மா. என் பிழை ஒன்றைக்கூட விட்டுவைக்காத அம்மா! எனக்கு வந்த கோபத்தில் இரவு புட்டைத் தொடவேயில்லை.

நேர்முகத்தில் அன்ரி அந்த வசனத்தைப் பழையபடி "ஹாவ்" போட்டே சொன்னாராம். வேலை கிடைத்துவிட்டது. மனேஜருக்கும் ஆங்கிலம் தெரியாது போல என்று முடிவு கட்டினேன்.

சில மாதங்களில் மகன் வந்தான். அன்ரி எங்களையும் சூரிச் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். கையில் புது நீலக் குளிர்ச்சட்டை. தொலைபேசியில் முகம் மட்டும் பார்த்து, ஒரு கணக்கில் வாங்கியது. கதவு திறந்து வந்தவன் அன்ரியைவிட ஒரு தலை உயரம். வெட்கத்தோடு குனிந்து கட்டிப்பிடித்தான். அன்ரி சட்டையைப் போட்டுவிட்டார். சட்டையின் கை அவன் முழங்கையைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தார். மற்றக் கையையும் இழுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ஹி இஸ் ஃபோர்ட்டீன்."

"ஹாவ்" இல்லை! "ஹி"யும் இருந்தது! நான் துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார். அன்ரி அந்தச் சட்டைக் கையை விடாமல் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

வசனத்தில் ஒரு பிழையும் இல்லையே, பிறகு ஏன் அழுகிறார் என்று ரயில் பாடனுக்கு வந்து சேரும்வரை அம்மாவைக் குடைந்துகொண்டே வந்தேன்.