ஜெயப்பிரியாவுக்கு எட்டுக் குச்சி

கோவில்பட்டியில் கூடைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகளின் வீடுகளில், பூவனலிங்கத்தைத் திட்டாத தாய் தகப்பன் கிடையாது. மனுஷன் பகலில் தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன். சாயங்காலமானால் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி கொடுப்பார், சம்பளம் கிடையாது. பிறகு எதற்குத் திட்டு என்கிறீர்களா? நன்றாக ஆடுகிற பிள்ளையைத்தான் பாதி ஆட்டத்தில் வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்!

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தீப்பெட்டி. உள்ளே மருந்து முக்காத வெறுங்குச்சி. ஒரு குச்சிக்கு ஒரு நிமிஷம். பிள்ளை ஆட ஆட ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போடுவார். பெட்டி காலியானால் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவள் சும்மாவும் இருக்கக் கூடாது; எதிரணியில் எவள் எந்தப் பக்கம் தடுமாறுகிறாள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

முன்னால் அவர் இப்படியில்லை. உமாதேவி என்றொரு பிள்ளையைப் பதின்மூன்று வயதில் எல்லா ஆட்டமும் முழுசாக ஆடவிட்டார். கோப்பைகள் வந்து குவிந்தன. பதினைந்து வயதில் முழங்கால் வீங்கி, அவள் படியேறவே சுவரைப் பிடித்தாள். அது தன் குற்றம்தான் என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை.

தொண்ணூற்றெட்டில் ஓர் இறுதி ஆட்டம். விளையாட்டு விடுதிக்கு ஆளெடுக்க மதுரையிலிருந்து அதிகாரி வந்திருந்தார். இருந்தது ஒரே இடம். கிடைத்தால் பன்னிரண்டாம் வகுப்புவரை படிப்பும் சாப்பாடும் அவர்கள் பாடு. ஜெயப்பிரியாவுக்குப் பதின்மூன்று வயது. ஒரே வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள்; அப்படி வளரும்போதுதான் முட்டி சீக்கிரம் கெடும். பூவனலிங்கம் அவளுக்கு எட்டே குச்சி போட்டார்.

அவள் அம்மா பத்திரகாளி, அதே ஆபீஸில் வேலை பார்ப்பவள், சண்டைக்கே வந்துவிட்டாள்.

"எட்டு நிமிஷத்துல அந்த ஆபீசரு எம்புள்ளைய என்னத்தக் கண்டுருவாரு அண்ணாச்சி? ஒங்க நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"காலு நல்லாருந்தாத்தான தாயி நாளைக்கும் ஆடுவா?"

ஆட்டம் தொடங்குமுன் ஜெயப்பிரியாவின் பெட்டியை எடுத்தார். ஆபீஸில் காலமெல்லாம் பெட்டியைக் குலுக்கியே குச்சி கூடவா குறையவா என்று கண்டுபிடித்த கை அது. எண்ணினார், பன்னிரண்டு. பத்திரகாளி எங்கேயோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடுதலாயிருந்த நாலையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எட்டு நிமிஷத்தில் பத்துப் புள்ளி எடுத்தாள் ஜெயப்பிரியா. அடேயப்பா, என்ன ஆட்டம்! பெட்டி காலியானது, வெளியே வந்து உட்கார்ந்தாள்.

கடைசி இரண்டு நிமிஷம் இருக்கையில் ஒரு புள்ளி பின்னால் நின்றார்கள். "நெட்டச்சிய எறக்குங்கய்யா!" என்று கூட்டம் கத்தியது. அதிகாரியும் அவளையே திரும்பிப் பார்த்தார். பூவனலிங்கமும் மனுஷன்தானே. அவர் கை சட்டைப்பைக்குள் போனது.

"ஏட்டி, எந்திரி. உள்ள போ."

"என் குச்சி தீந்துட்டுல்லா சார்."

"நாந்தான்ட்டி சொல்லுதேன்!"

"எங்கம்மை போட்டத நானும் பாத்தேன் சார். இன்னைக்கி அத எடுத்தீங்கன்னா, நாளைக்கி எல்லா அம்மையும் குச்சி கொண்டு வருவாவ. பிரேமா போவட்டும், அவளுக்கு அஞ்சு கெடக்கு." சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த பிரேமலதாவைத் தட்டினாள். "ஏட்டி, அவிய ஒம்பதாம் நம்பரு எடது பக்கம் திரும்பவே மாட்டேங்கா. அங்கன போயி நில்லு."

பிரேமலதா அங்கேயே நின்று பந்தைப் பறித்தாள், ஓடினாள், எறிந்தாள். பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றுப்போனார்கள். தோற்ற ஆட்டத்தில் பூவனலிங்கத்துக்கு நெஞ்சு விம்மியது அதுதான் முதல் தடவை.

அதிகாரி நேரே வந்தார். "அந்தப் பிள்ளைய ஏன் சார் எறக்கல?"

"எறங்க மாட்டேன்னுட்டா சார்," என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், தன் கை சட்டைப்பைக்குள் போனது உட்பட.

அதிகாரி ஜெயப்பிரியாவைப் பத்துத் தடவை குதிக்கச் சொன்னார். இரண்டு முழங்காலையும் அமுக்கிப் பார்த்தார். "இந்த வருசம் நான் பாத்த நல்ல ஆட்டக்காரிகள்ல முட்டியில கட்டுப் போடாதவ இவ ஒருத்திதான்," என்று பெயரை எழுதிக்கொண்டார்.

பத்திரகாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். பூவனலிங்கத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவளால்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி."

"நானுந்தான் தாயி பண்ணப் பாத்தேன்," என்றார் பூவனலிங்கம். "ஒம்மவதான் விடல."