மீட்டரைத் திருப்பியவரின் கோபம்

நாமக்கல்லில் பழைய க்ரூஸர் பைக் வாங்கப் போன இடத்தில்தான் அந்த வண்டித் தரகரைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, மேலே ரேஸ்காரர்கள் போடுகிற மாதிரி டி-ஷர்ட். செல்போனில் பைக் ரேஸ் செய்தியைப் படித்துத் தொடையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கிரமத்தைப் பாருங்க சாமி! கடைசி ரவுண்டுல பாதையோட வெள்ளைக்கோட்டுக்கு வெளிய போயி முந்துனவனுக்குக் கப்பைக் குடுத்துப்போட்டானுங்க. ஒழுங்கா ஓட்டுன நம்மாளு ரெண்டாவதுங்க. மனுசனுங்களா இவனுங்க?" என்று செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் பைக்கைப் பார்த்தேன். மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான். ஆனால் கால் வைக்கிற ரப்பர் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது.

"மீட்டரைத் திருப்பிக் குறைச்சீங்களா?"

"ஆமாங்க," என்றார், கூச்சமே இல்லாமல். "கொறைக்கலீன்னா எவனுங்க வாங்கறான்?"

"அப்ப அந்த ரேஸ்காரனை மட்டும் ஏன் திட்டறீங்க?"

மனம் புண்பட்டவர்போல என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ரேஸையும் யாவாரத்தையும் ஒண்ணாப் பேசறீங்க?"

வாங்காமல் வந்துவிட்டேன். ஆத்திரம் மட்டும் கூடவே வந்துவிட்டது. இப்போதும் ரேஸ் செய்தியைத் திறந்தால், அவர் 'நம்மாளு' என்றவன் எத்தனாவது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அவன் ஜெயித்திருந்தால் வயிறு எரிகிறது. ஒழுங்காக ஓட்டுகிற அவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான்!