பழவேற்காட்டுக்கு வேண்டிய வெளிச்சம்

பூநாரையைப் படம் எடுத்தே தீருவது என்று நான் முடிவு செய்தபோது, பூநாரையையும் பார்த்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. ஒரு வார இதழில் பழவேற்காட்டு ஏரியில் அவை கூட்டமாக நிற்கும் படம் வந்திருந்தது. அச்சு படுமோசம். ஆனாலும் மறுநாளே, நான் வேலை பார்க்கும் தங்கச் சுரங்கத்தில் மூன்று நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் உடும்புப் பிடிதான்.

எங்கள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறி மெட்ராஸ். அங்கிருந்து பொன்னேரி, பிறகு பஸ், கடைசியில் படகு. வழி விசாரிப்பது பெரிய காரியமில்லை. வெளிச்சம்தான் காலை வாரியது. ஆஸ்திரேலியாவுக்குப் போன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடம் வாங்கிய என் கேமராவில் வெளிச்சத்தை நாமே கண்ணால் மட்டிட்டுத் திருகி வைக்க வேண்டும். ஃபிலிம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. என்னிடம் இருந்தவை இரண்டு சுருள்கள். ஒன்று பழக, மற்றது பழவேற்காட்டுக்கு.

நைட் ஷிப்டு முடிந்து வந்த ஒரு விடியற்காலையில், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டில் உட்கார்ந்திருந்த பருந்துகள்மேல் முதல் சுருளைச் செலவழித்தேன். ஆண்டர்சன்பேட்டை ஸ்டூடியோக்காரர் அதைக் கழுவிவிட்டுச் சிரித்தார்.

"இன்னாண்ணா, ராத்திரியிலயா எடுத்தீங்க? பன்னெண்டும் கரி."

"நல்லா விடிஞ்சப்புறந்தான்யா எடுத்தேன்."

"உங்களுக்கு விடிஞ்சிருக்கும், ஃபிலிமுக்கு விடியலையே. அண்டர்கிரவுண்டு கண்ணுண்ணா உங்களுது. ஒரு மெழுகுவத்தி கொளுத்தினா பகலுன்னு சொல்லும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கடையை விட்டு இறங்கினேன். பாதி வழியில்தான் அவர் சொன்னது உறைத்தது. பன்னிரண்டு வருஷம் தலைவிளக்கின் வெளிச்சத்தில் பாறையைப் பார்த்துப் பழகிய கண் இது. அதற்கு எதுவுமே இருட்டாகத் தெரியாது.

அதற்காக லீவைத் திருப்பிக் கொடுப்பேனா? அந்தப் பேச்சே கிடையாது.

என் மனைவி காலையில் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். மறுநாள் அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு, வெளிச்சம் போதும் என்று எனக்குத் தோன்றியதும், "கல்லு தெரியுதா?" என்று கேட்டேன்.

"எங்க தெரியுது? அரிசியே தெரியல."

அவள் "இப்ப தெரியுது" என்றபோது எனக்குக் கண் கூசியது. அடுத்து வந்த காலைகளிலும் இதே கதை. என் கணக்கோடு அரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று பார்த்தேன். மேகம் போட்ட அன்று அதுவும் பிசகியது. கடைசியில் அவளிடம், "நீயும் என்னோட வா" என்றேன்.

"எதுக்கு?"

"வெளிச்சம் பாத்துச் சொல்லத்தான். உன் கண்ணு வேணும்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒம்பது வருஷமா பங்காருப்பேட்டையத் தாண்டி ஒரு தபா கூட்டினு போனதில்ல. இப்ப கண்ணு வேணும்னு கூப்பிடறீங்க. கண்ண மட்டும் கழட்டிக் குடுக்கட்டுமா?"

ரயிலை யோசித்தேன், படகை யோசித்தேன், பூநாரை எந்த மாதம் வரும் என்றுகூட விசாரித்தேன். இவளுக்கும் ஓர் ஊரைப் பார்க்க ஆசை இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றவில்லையே! வெட்கமாக இருந்தது. கூடவே, எனக்கு இருப்பது ஒரே சுருள் என்ற பயமும் இருந்தது.

"படம் விழலைன்னா போவுது. நீ வெளிச்சம்கூடப் பாக்க வேணாம். சும்மா வா" என்றேன்.

மெய்யாகத்தான் சொல்கிறேனா என்று அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதெப்படி விழாம போவும்? நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க கேமராவத் தொடக்கூடாது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள்.