கொழும்புக்கு ஒரு பாத்திஹா, மதராஸுக்கு ஒரு பாத்திஹா

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் வாப்பா கைகளை ஏந்தி நின்றார். எதிரே கொழும்பிலிருந்து வந்திருந்த ஹாஜியாரும் கைகளை ஏந்தியிருந்தார். உதடுகள் அசைந்தன. பிறகு இருவரும் ஆமீன் சொல்லி முகத்தில் தடவிக்கொண்டார்கள். தூணருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்குப் பகீரென்றது. அதே வாரம் எங்கள் வீட்டு முன்னறையில், அதே கைகளை ஏந்தி, அதே பாத்திஹாவை, என் மாமாவோடு வாப்பா ஓதி முடித்திருந்தார். மாமாவோடு ஓதியது நான் மருந்தாளர் படிப்புக்கு மதராஸ் போவதற்கு. ஹாஜியாரோடு ஓதியது அதே படிப்புக்கு நான் கொழும்பு போவதற்கு.

எங்கள் ஆட்களிடம் ஒரு காரியம் பேசி முடிந்தது என்பதற்குக் கையெழுத்தெல்லாம் வேண்டியதில்லை. கல்யாணமோ, கடை கைமாறுவதோ, இரு தரப்பும் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதிவிட்டால் முடிந்தது முடிந்ததுதான். அதன் பிறகு பேச்சு மாறுகிறவனை ஊர் ஏற இறங்கப் பார்க்கும். வாப்பாவுக்கு இது தெரியாமலில்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்வது. கண்டிக் கடைத்தெருவில் நாட்டு மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்தார். யாராவது திப்பிலி கேட்டு, அது இல்லாவிட்டால், "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் பக்கத்துக் கடையில் வாங்கி வந்தாவது வைத்திருப்பார். தெல்தெனியவிலிருந்து வரும் சிங்கள வைத்தியர், தேயிலைத் தோட்டத்துக் கங்காணிமார், திகனயிலிருந்து வரும் எங்கள் வியாபாரிகள், எல்லோருக்கும் அவர் வாயிலிருந்து வருவது 'சரி' ஒன்றுதான். அந்தச் சரியால் கடைக்கு வாடிக்கை பெருகியது. வீட்டில் உம்மாவின் தலைவலியும் பெருகியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை தேறியிருந்தேன். சிறு வயது முதலே சுக்கு, கடுக்காய் வாசனையில் வளர்ந்தவனுக்கு மருந்துப் படிப்பைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. தராசும் கண்ணாடிக் குப்பிகளும் வைத்து, வெள்ளைக் கோட்டுப் போட்டு மருந்து கலக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை எங்கே போய்ப் படிப்பது என்பதில்தான் ஊருக்கு ஆளுக்கொரு கருத்து இருந்தது. உம்மாவின் தம்பியான மாமா துணி வியாபாரி. தலைமன்னாரில் கப்பலேறி மதராஸ் போய் வருவது அவருக்கு அடுத்த தெருவுக்குப் போய் வருவதைப் போல. மதராஸ் கல்லூரியில் மூலிகைத் தோட்டமே இருக்கிறது, மண்ணடியில் தனக்குத் தெரிந்த வீடுகள் இருக்கின்றன, அங்கே படித்து வந்தவனை டொக்டர்மாரே எழுந்து நின்று வரவேற்பார்கள் என்று அடித்துச் சொன்னார். கடைசிச் செய்தியை அவர் எங்கிருந்து பெற்றார் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

ஹாஜியார் இரத்தினக்கல் வியாபாரி, வாப்பாவின் பால்ய சிநேகிதர். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் அவர் வீடு. "மதராஸ்ல படிச்ச படிப்ப இங்க ஏத்துக்குவாங்களா எண்டு ஆருக்கும் நிச்சயமாத் தெரியா. கொழும்புல படிச்சா அந்தக் கவலையே இல்ல, புள்ள கண்டிலயே கட போடலாம்" என்பது அவர் வாதம். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. ஆஸ்பத்திரி மருந்தறையில் நின்றே வேலை பழகலாம் என்றதும் மனம் அங்கேயே போய்விட்டது. மூலிகைத் தோட்டத்தில் எனக்கு மயக்கமில்லை, மூலிகைதான் எங்கள் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததே. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அது வழக்கமுமில்லை.

இரண்டாவது பாத்திஹா ஓதியதை வாப்பா அன்றிரவே உம்மாவிடம் ஒப்புக்கொண்டார். உம்மா சோற்றகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் வாப்பா பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையிடம் போய்ப் பரிகாரம் கேட்டார். "ரெண்டும் நல்ல காரியத்துக்கு ஓதினதுதானே, ஒண்டும் ஆகாது. மூணாவதா ஒண்ட மட்டும் ஓதிராதீங்க" என்றாராம் லெப்பை. வாப்பா யோசித்து யோசித்து, கடைசியில் தமக்கே உரிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார். "மகன், ரெண்டு பேர்ட மனசும் நோகாம இந்த வருஷம் கடயிலயே இரிங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாப்பாவின் 'அடுத்த வருஷம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வீட்டுக் கூரையை அடுத்த வருஷம் மாற்றுவதாக அவர் சொல்லத் தொடங்கியது நான் பிறக்கும் முன்பு.

என் முகத்தைப் பார்த்துவிட்டு உம்மாதான் ஏற்பாட்டில் இறங்கினார். இருவரையும் ஒரே நாளில் பகல் சாப்பாட்டுக்கு அழைக்க வைத்தார். நெய்ச்சோறு, கோழிக்கறி, வட்டிலப்பம். கிண்டியில் தண்ணீரும் அதை ஏந்தப் படிக்கமும் வந்து கைகழுவியானதும், பாயில் விரித்த வெள்ளைத் துணியின் நடுவே சஹன் வந்து இறங்கியது. நாலைந்து பேர் சுற்றி அமர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டைச் சுற்றி வாப்பா, மாமா, ஹாஜியார். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரே சஹனில் கை வைத்தவர்கள் சண்டை போட முடியாது என்பது உம்மாவின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் சஹனுக்கென்று இன்னொரு மரியாதையும் உண்டு. நடுவிலிருக்கும் நல்ல இறைச்சித் துண்டை யாரும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவர் திருப்பித் தள்ளுவார். அன்று கோழித்தொடை அப்படித்தான் சுற்றிச் சுற்றி வந்தது. கூடவே நானும் சுற்றத் தொடங்கினேன்.

"ஹாஜியார் சொன்னா சரிதான். புள்ள கொழும்புக்கே போகட்டும்" என்று மாமா தொடையை ஹாஜியார் பக்கம் தள்ளினார்.

"சே, சே. நீங்க தாய்மாமன். ஒங்கட சொல்லுக்கு மேல நான் பேசலாமா? மதராஸே போகட்டும்" என்று ஹாஜியார் அதைத் திருப்பினார்.

மாமா விடவில்லை, ஹாஜியாரும் விடவில்லை. இரண்டும் வெறும் உபசாரம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கொடுத்ததும் எடுத்துக்கொள்பவனை எங்கள் சபையில் பேராசைக்காரன் என்பார்கள். வாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சரி, சரி" என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். அடுக்களைத் திரைக்குப் பின்னால் உம்மாவின் வளையல்கள் பொறுமையிழந்து சத்தமிட்டன. இந்தச் சுற்று முடியும்போது நான் மறுபடியும் கடையில் திப்பிலி நிறுத்துக்கொண்டிருப்பேன் என்று நிச்சயமாகத் தோன்றியது.

வாப்பா என் பக்கம் திரும்பினார். நான் சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மகன், ஒங்களுக்கு எங்க போக விருப்பம்?" என்றார். சபையில் பெரியவர்கள் இருக்க என்னிடம் அப்படி ஒரு கேள்வி வந்தது அதுவே முதல்தடவை. மாமாவைப் பார்க்கத் துணிவில்லாமல், சஹனைப் பார்த்துக்கொண்டே "கொழும்பு" என்றேன்.

வாப்பா கையை உதறிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. மனைவியின் தம்பி, வீட்டுக்கு வந்த விருந்தாளி, பாத்திஹா ஓதிய கை. அந்த மனிதரின் முகத்துக்கு நேரே பார்த்து, "மச்சான், மதராஸ் இல்ல. மகன் கொழும்புக்குத்தான் போறார்" என்றார்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. மாமா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ராத்தாவ ஒங்களுக்குக் கட்டித் தந்த நாள்ல இருந்து நீங்க எனக்கு 'இல்ல' எண்டு சொன்னதே இல்ல மச்சான். அதால, நீங்க சொன்ன ஒரு 'சரி'யயும் நான் நம்பினதில்ல. இண்டைக்குத்தான் ஒங்கட வாய்ல இருந்து வந்த ஒரு பேச்ச நம்புறன்."

"அப்ப அண்டைக்கு ஓதின பாத்திஹா?" என்று வாப்பா ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"புள்ள எங்கயாவது போய் நல்லாப் படிக்கட்டும் எண்டு நான் ஓதினன். ஊர்ப்பேர் போட்டு ஓதினது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, மாமா கோழித்தொடையை எடுத்துத் தாமே கடித்தார்.

கொழும்பில் படித்துத் தேறினேன். கண்டியிலேயே கடை போட்டேன். இன்று யோசித்தால், மருந்துக் கடைக்காரனின் வேலையில் பாதி 'இல்லை' என்று சொல்வதுதான். டொக்டர் எழுதித் தந்த துண்டு இல்லாமல் இந்த மருந்து இல்லை. இதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட இல்லை. அழுது கேட்டாலும் இல்லை. நிறுக்கவும் கலக்கவும் கொழும்பில் கற்றுக்கொடுத்தார்கள். இதற்கு மட்டும் பாடம் கிடையாது. முகம் சுளிக்காமல் அதைச் சொல்லப் பழக எனக்கே நெடுநாள் பிடித்தது. ஒரே ஒரு தடவை அதைச் சொல்வதற்கு வாப்பாவுக்கு எவ்வளவு வியர்த்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த விருந்தோடு வாப்பா மாறிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். நான் ரயிலேற வேண்டிய நாளில், சரக்கு எடுக்க என்னைத் தெல்தெனியவுக்குக் கூட்டிப் போகலாமா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டிருக்கிறார். வாப்பா "சரி" என்றிருக்கிறார். மாமாதான் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். அதன் பிறகும் வாப்பா கண்ணை மூடும்வரை யாருக்கும் மறுப்புச் சொல்லாமலேயே வாழ்ந்தார். நினைத்துப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்த மனிதரின் ஆயுளில் இருந்தது ஒரே ஒரு 'இல்லை'. அதை அவர் எனக்காகச் செலவழித்துவிட்டார்.