விடைகள் இருந்த பாதி

அந்தக் கைடை மதினி அரிவாள்மனையில் வைத்து இரண்டாக அறுத்தாள். முதலில் அட்டையின் முதுகைப் பிரித்துப் பார்த்தாள், கோந்து விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு பலாக்காயைச் சாய்ப்பதுபோல் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு கையாலும் அழுத்தி, ஒரே மூச்சில் இறக்கினாள். முன்பாதி எனக்கு வந்தது, பின்பாதி அவளுக்குப் போனது. வெகுகாலம் அந்தப் பக்கங்களில் பூண்டு வாசனை இருந்தது. இப்போதும் பூண்டு உரிக்கும்போது எனக்கு ஆங்கில இலக்கணம் ஞாபகம் வருகிறது. சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்கான ஆங்கிலக் கைடு அது. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக வெட்டி அடியில் ஏ, பி, சி என்று போட்டிருக்கும். எந்தத் துண்டில் பிழை என்று சொல்லவேண்டும். பிழையே இல்லை என்றால் அதற்கு டி. மூணாறில் புத்தகக் கடையிலிருந்த கடைசிப் பிரதியை நாங்கள் வாங்கியிருந்தோம். பகலெல்லாம் நான் டவுனில், டூரிஸ்டுகளுக்கு ஏலக்காயும் சாக்லேட்டும் விற்கும் கடையில் நிற்பேன். மதினி வீட்டில் இருப்பாள். புத்தகம் ஓரிடத்தில்தானே இருக்கமுடியும்? அதனால் இந்த அறுப்பு. அறுத்த பிறகுதான் தெரிந்தது, விடைகள் எல்லாம் கடைசிப் பக்கங்களில், அதாவது மதினியின் பாதியில். நான் பகலில் போட்டது சரியா தப்பா என்று தெரிய சாயங்காலம் ஜீப் பிடித்து, எஸ்டேட் ரோட்டில் குலுங்கி, அவளிடம் வந்து சேரவேண்டும். அந்த நாட்களில் சாயங்காலத்துக்காக நான் காத்திருந்ததுபோல வேறு எதற்காகவும் காத்திருந்ததில்லை.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டக் குடும்பம் அவளுடையது. கல்யாணமாகி எங்கள் லைன் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் சர்ட்டிபிகேட்டுகள் இருந்தன. அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தாள். அண்ணன் ஜீப் ஓட்டினான். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளினாள், லைன் வீடு எஸ்டேட் கொடுத்தது. அம்மாவின் பேர் எஸ்டேட்டில் இருக்கும்வரைதான் அந்த வீடு எங்களுடையது. அவள் ரிட்டயர் ஆகும்போது வீட்டில் ஒருவர் பேர் கொடுத்து வேலைக்கு இறங்கவேண்டும். இல்லையென்றால் வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பவேண்டும். எங்கே கிளம்புவது? தாத்தா காலத்தில் விட்டு வந்த ஊர், பெயராக மட்டும் எங்களிடம் இருந்தது. அம்மாவுக்கு ரிட்டயர்மெண்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. நானோ மதினியோ கொழுந்துக்கூடையைத் தூக்குவதற்குள் பரீட்சை முந்திவிடவேண்டும். சம்பளம் வந்தால் டவுனில் ஒரு வாடகை வீடு பிடித்து எல்லோருமாகப் போய்விடலாம் என்பது மதினி போட்ட கணக்கு.

"படிச்சது போதும்ட்டி, வீடு நிக்கிற வழியப் பாருங்க ரெண்டு பேரும்" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, எங்களுக்குக் கட்டன்சாயா போட்டு வைப்பாள்.

மலையாளத்தில் எங்களுக்குத் தடுமாற்றம். தமிழ் அந்தப் பரீட்சையில் எங்கோ ஒரு மூலையில் நின்றது. ஆனால் ஆங்கிலம் இருந்ததே, அது யாருக்கும் சொந்தமில்லை. டவுன் லைப்ரரியில் கூடிப் படிக்கும் மலையாளப் பிள்ளைகளும் அதில் எங்களைப் போலவே முட்டிக்கொண்டார்கள். மதினிக்கு அது பிடித்திருந்தது. "இதுல எல்லாரும் ஒரே மேட்டுலதான் ஏறணும்" என்பாள். 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று வந்தால் போதும், அவள் கை தானாக அங்கே போய் நிற்கும். ஒருத்தியைச் சொல்லவேண்டுமானாலும் பலரிலிருந்துதானே பொறுக்கவேண்டும், அதனால் ஃபிரெண்ட்ஸ். 'சீனியர் தேன் மீ' என்று யாராவது எழுதியிருந்தால் தேனைத் தூக்கி எறிந்துவிட்டு டூ போடுவாள். விதியைச் சொல்லமாட்டாள். "காதுல கல்லு மாட்டுது" என்பாள். அரிசியில் கல் மாட்டுவதுபோல என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அது புத்தகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணனின் ஜீப்பில் டவுனுக்குப் போவோம். வழியெங்கும் ஹோம்ஸ்டே போர்டுகள், தேயிலை போர்டுகள், தேன் போர்டுகள். பச்சை மலைச்சரிவையும் பனியையும் டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் பிழை பொறுக்கிக்கொண்டு போவோம். "ஏங்க, நிறுத்துங்க, தப்பு ஒண்ணு போகுது" என்று மதினி கத்துவாள். நான் வேலை பார்த்த கடையின் போர்டே 'ஹோம் மேட் சாக்லேட்ஸ் இஸ் அவைலபிள்' என்றுதான் இருந்தது. இஸ் அல்ல, ஆர் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஆளு வருன்னுண்டல்லோ, பின்னெந்தா?" என்றார். ஆள்தான் வருகிறதே, அப்புறம் என்ன. அன்று முழுக்க மதினி அதையே சொல்லிச் சிரித்தாள். உப்பு குறைந்த குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஆளு வருன்னுண்டல்லோ" என்பாள்.

அண்ணனின் ஜீப்புக்குப் பின்னால் 'ஜீசஸ் நெவர் ஃபெயில்' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. கடைசியில் ஒரு எஸ் விட்டுப்போயிருந்தது. ஒரு நாள் காலை பார்த்தால், நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு எஸ். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கர்த்தர் பேருலயே தப்பு கண்டுபிடிக்கா பாரு இவ."

"கர்த்தர்கிட்ட இல்ல அத்த, பெயிண்டர்கிட்ட" என்றாள் மதினி.

"அடுத்து என்னையத்தான் காட்டி தப்புன்னு சொல்லுவாளுக" என்றான் அண்ணன். "உங்கள டிக் அடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றாள். டிக் என்றால் சரி என்று அர்த்தமா என்று அவன் என்னிடம் கேட்டான். சாயங்காலம் மதினியிடம் விடை பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மதினி டி போடமாட்டாள். பிழை இல்லை என்ற விடையை அவள் கை ஒத்துக்கொள்வதில்லை. எத்தனை நல்ல வாக்கியத்தைக் கொடுத்தாலும் அதன் மேல் குனிந்து, மடியில் போட்டுப் பேன் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மதினி, சிலது ஒழுங்காத்தான் இருக்கும். விட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"ஏட்டி, ஏலக்கா நிறுக்குற எடத்துல கழிவு சொல்லாத ஆளப் பாத்திருக்கியா நீ? ஈரம்னு ஒரு கழிவு. பிஞ்சுன்னு ஒரு கழிவு. ஒண்ணுமே கெடைக்கலன்னா சாக்கு கனம்பான். எங்கய்யா நிறுவைக்குப் போய், 'எல்லாம் சரி'ன்னு ஒரு நாளும் கேட்டு வந்ததில்ல. கேள்வி கேக்கவன் சும்மாவா கேப்பான்? எங்கயோ ஒண்ண ஒளிச்சு வச்சிருப்பான்."

லீவு நாட்களில் தோட்டத்தில் காய் பறித்து வளர்ந்தவள். நிறுவைத் தராசின் முன்னால் நின்ற பழக்கம், வாக்கியத்தின் முன்னாலும் அவளை அப்படியே நிறுத்தியது. எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. வாதாடிப் பார்த்தேன். பிறகு அவளை ஏமாற்றுவதற்கென்றே சரியான வாக்கியங்களாக நானே எழுதிக் கொண்டுபோனேன். அவள் அவற்றிலும் பிழை கண்டுபிடித்தாள், பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

பரீட்சை மலைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில். இருவருக்கும் வேறு வேறு அறை. முடிந்து வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன், மதினி உம் கொட்டினாள். பிறகு உம் நின்றது.

"ஒண்ணுல தப்பே கெடைக்கலட்டி" என்றாள். "நாங்க ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ரயிலு போயிருச்சுன்னு ஒரு வாக்கியம். திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு கல்லும் மாட்டல. எனக்குப் பயமாயிருச்சு."

"டி போட வேண்டியதுதான?"

"போடணும்னு தெரியுது. கை வரல. தேடிக்கிட்டே இருந்தேன். பெறகு பெல்லடிச்சுட்டான். அதுக்குப் பின்னால இருந்ததெல்லாம் பாக்கவே இல்ல."

பஸ் வளைவுகளில் திரும்பத் திரும்ப, அவள் தோள் என் மேல் சாய்ந்து சாய்ந்து விலகியது.

பரீட்சை முடிவு வருவதற்குள் அம்மாவின் கடைசி மாதம் வந்துவிட்டது. யார் பேர் கொடுப்பது? அண்ணன் ஜீப்பை விற்றுவிட்டு இறங்குகிறேன் என்றான். ஜீப்பில்தான் வீடே ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொன்னாள்: "நான் போறேன் அத்த. லிஸ்ட் வந்தா வேலைய விட்டுர்றேன். அதுவரைக்கும் வீடு நிக்கட்டும்." காய்கறி வாங்கப் போகிறேன் என்பதுபோலச் சொன்னாள். காலையில் ஆள் எடுக்கும் இடத்தைப் பெரட்டு என்பார்கள். முதல் நாள் பெரட்டுக்கு நானும் கூடப் போனேன். இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் படங்கு, காலில் அம்மாவின் பூட்ஸ், அது அவளுக்கு ஒரு அளவு பெரியது. கங்காணி பேரைக் கேட்டபோது, நேர்முகத் தேர்வில் நிற்பவள்போல நிமிர்ந்து முழுப்பெயரையும் இனிஷியலோடு சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

லிஸ்ட் வந்தது. டவுனில் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை, நேராக மேட்டுக்கு ஏறினேன். செடிகளுக்கு நடுவே பெண்கள் வரிசையாக நின்று கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து எல்லோரும் ஒருவர்போலத்தான் தெரிந்தார்கள். பெரிய பூட்ஸால் சறுக்கி நிற்பதை வைத்து அவளைக் கண்டுபிடித்தேன்.

"உன் நம்பரு?" என்றாள், கையை நிறுத்தாமல்.

"இருக்கு மதினி."

"என்னோடது?"

நான் செடியைப் பார்த்தேன். அவள் இன்னும் இரண்டு கை கிள்ளிப் பின்னால் கூடையில் போட்டாள். "அந்த ரயிலுதான்" என்றாள். "எந்த ரயிலுட்டி?" என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். "எங்க நாத்தனாவுக்குச் சர்க்கார் வேல கெடைச்சிருக்கு. அவ ரயில் ஏறப் போறா" என்றாள் மதினி சத்தமாக, வரிசை முழுவதும் கேட்கும்படி. பெண்கள் கைதட்டினார்கள். பனி இறங்கி அவள் முகத்தை மறைத்தது. அல்லது என் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது.

அடுத்த பரீட்சை அறிவிப்பு வருவதற்குள் அவளுக்குப் பெண் பிறந்தாள். அதற்கடுத்ததற்கு வயது கடந்துவிட்டது. எனக்கு ஆர்டர் வந்தது மலையின் இந்தக் கோடியில் இல்லை, அந்தக் கோடியில், அட்டப்பாடியில். வாடகை வீடு பிடித்து எல்லோரையும் டவுனுக்கு அழைத்துப்போவது என்ற கணக்கு, நான் அவ்வளவு தூரம் போனதும் தானாக அழிந்துபோனது. லைன் வீடு நின்றது. அம்மா அந்த வீட்டில்தான் கண்ணை மூடினாள். பல வருஷம் கழித்து அண்ணனும்.

அட்டப்பாடி அகளியில் என் மேஜைக்கு இன்றும் ஆங்கிலத்தில் கடிதங்கள் வருகின்றன. பிழைகளோடு வருகின்றன. ஒன்று கண்ணில் பட்டதும் என் தலை தானாக நிமிர்கிறது, யாரிடமாவது காட்ட. எதிர் மேஜையில் இருப்பவர் செல்போனில் இருக்கிறார். பிழை கண்டுபிடிப்பதில் உள்ள சந்தோஷம் ஒற்றை ஆளுக்கானது இல்லை. அதற்கு, "அட ஆமாட்டி" என்று சொல்ல ஒரு வாய் பக்கத்தில் வேண்டும். நான் பேனாவால் திருத்திவிட்டு அடுத்த காகிதத்தை எடுக்கிறேன். ஊருக்குப் போவது கிறிஸ்துமஸுக்கு மட்டும், கணவன் பிள்ளைகளோடு, கூட்டத்துக்கு நடுவே. கேக் அறுத்துவிட்டு, குளிருகிறது என்று பிள்ளைகள் அழ, மறுநாளே திரும்பிவிடுவோம். மதினியோடு உட்கார்ந்தேன் என்று சொல்லும்படி உட்கார்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

போன மாதம் போன் செய்தாள். "முட்டு ரெண்டும் போச்சுட்டி. ஏத்தம் ஏற முடியல. வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்." மகள் பெங்களூரில் நர்ஸ், அவளோடு போய் இருக்கப்போகிறாள். வீடு?

"ஒப்படைக்கணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். வீடு நம்ம கையில இருக்கும்போதே வந்து இருந்துட்டுப் போ. அப்புறம் வந்தா ரோட்டுல நின்னுதான் பாக்கணும்."

இந்தமுறை தனியாகக் கிளம்பினேன். ஆனைகட்டி தாண்டி கோயமுத்தூர், அங்கிருந்து உடுமலை, சின்னாறு, மறையூர். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடக்கவேண்டும். சந்தன மரங்களைத் தாண்டி குளிர் ஏறத் தொடங்கியபோது ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்த அன்று அவள் முட்டிக்கு நான் தைலம் தேய்த்துவிட்டேன். அவள் என் டை அடித்த முடியைப் பார்த்து, "டை அடிச்சா காதுல பூசாம அடிக்கணும்ட்டி" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பினாள். எழுதிக் கொடுத்திருந்தாலும் இன்னும் சில நாள் பாக்கி இருந்தது. நான் வந்திருக்கிறேனே, ஒரு நாள் நிற்கக்கூடாதா என்றேன். படங்கைக் கட்டிக்கொண்டே தலையாட்டினாள்.

"உங்கண்ணன் போனதுக்கப்புறம் நான்தான் பூட்டிட்டுப் போறேன், நான்தான் தெறந்துட்டு வாறேன். வீட்டுல ஆள் இருக்கயில வேலைக்குப் போறது எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு. போயிட்டு வாறேனே." வாசலில் இறங்கித் திரும்பினாள். "சாயங்காலம் நான் வரயில கதவு தெறந்து கெடக்கணும். என்ன?"

சரி என்றேன். பகல் முழுவதும் அந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சோறு வடித்தேன், குழம்பு வைத்தேன். மூன்று மணிக்கு மேல் பனி இறங்கி ரோட்டை மறைத்தது, வேலியை மறைத்தது, படியேறி உள்ளே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அக்கா, கதவச் சாத்துங்க, வீடெல்லாம் ஈரமாயிரும்" என்றாள். நான் கதவுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.