டர்ன் அடித்த கை

தென்காசியில் தோள்வலிக்குப் பயிற்சி எடுக்கப் போன இடத்தில் அவரைப் பார்த்தேன். புனலூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. ஆனாலும் தினமும் காக்கிச் சட்டையில்தான் வருவார்.

சுவரில் பொருத்திய சக்கரத்தில் அவர் கையை வைத்து, பயிற்சி தரும் பெண், "ரொட்டேட் பண்ணுங்க அண்ணாச்சி" என்றாள்.

கை அசையவில்லை.

"ஃபேன் தானா சுத்துதுல்லா தாயி, அதுதான் ரொட்டேட்டு. டர்னுன்னு சொல்லு. டர்னை நாமதான் அடிக்கணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மலை வளைவு வருது அண்ணாச்சி. ஃபுல் டர்ன் அடிங்க."

சக்கரம் கால்வட்டம் நகர்ந்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "வண்டி நெறைய ஆளு இருக்கு" என்று முணுமுணுத்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"போதும், நிறுத்துங்க."

அவருடைய வலது கால் வெறுந்தரையை அழுத்தி மிதித்தது. பக்கத்தில் இருந்த நான் நாற்காலிக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.